தனியர் படுக்கையியல்: நூற்பா ஐந்தும் உரையும்

பாயிரம்

நூலுக்கு முகப்பாக நிற்கும் பாயிரம் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நன்னூல் வகுத்த முறை. எட்டையும் வரிசையாகச் சொல்லிவிடுவோம். பிற்பாடு யாரும் குறை சொல்லக் கூடாது.

ஆக்கியோன்: திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் ஒரு தனிக்கட்டை. வழி: மாமாக்களும் சித்தப்பாக்களும் ரயில் ஏற்றிவிட வந்த இடத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழங்கிய உபதேசங்கள். எல்லை: வடக்கே வேளி, தெற்கே விழிஞ்ஞம், கிழக்கே தம்பானூர் ரயில் நிலையம், மேற்கே அரபிக் கடல். நூற்பெயர்: தலைப்பில் காண்க. யாப்பு: நூற்பா ஐந்து, உரையும் ஆசிரியரே எழுதியது, வேறு யாரும் எழுத முன்வராததால். நுதலிய பொருள்: துணையின்றிப் பயணம் போகிறவர், கைக்கு அடங்கிய காசில், கப்பலிலும் ரயிலிலும் எங்கே படுப்பது. கேட்போர்: தனியாகப் போகிறவர்களும், அவர்களிடம் இடம் மாற்றிக் கேட்கிறவர்களும். பயன்: தூக்கம்.

ஆய்வுக் களத்தின் குறை

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பல் அறையை ஆராய்வதில் ஓர் இடையூறு உண்டு. படுத்துப் பார்க்க இங்கே கப்பல் இல்லை. வலியதுறையில் ஒரு கடல்பாலம் இருந்தது. பழைய இரும்புப் பாலத்தை 1947-இல் ஒரு கப்பல் மோதிச் சிதைத்தது. 1956-இல் புதியது கட்டினார்கள். 2021-இல் அலை அதையும் வளைத்துவிட்டது. ஆக, ஒன்றைக் கப்பல் கெடுத்தது, மற்றொன்றைக் கடல் கெடுத்தது. பயணிகள் இரண்டையும் கெடுக்கவில்லை என்பது இவ்வாய்வுக்குச் சாதகமான சான்று.

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே எம்எஸ்சி இரினா வந்து நின்றது. இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 பெட்டி கொள்ளும் கப்பல் அது. உலகிலேயே மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களில் ஒன்று. ஆனால் அதில் ஏறுவது பெட்டிகள், மனிதர்கள் அல்லர். கட்டில் போட்ட கப்பலில் ஏற இந்நகரத்தார் பெரும்பாலும் கொச்சிக்குப் போகிறார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ரயிலில்தான் போக வேண்டும். எனவே கப்பல் அறையை ஆராயப் புறப்பட்டவர் எவரும் முதலில் ரயில் பெட்டியைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. இவ்வாய்வாளர் அங்கேயே தங்கிவிட்டார்.

நூற்பா 1

ஒருவர் செல்லினும் இருவர்க்கு இறுப்பது
கப்பல் அறையின் கட்டணம் என்ப.

இது என் நுதலிற்றோ எனின், உல்லாசக் கப்பல் கம்பெனிகளின் அடிப்படைக் கணக்கை உணர்த்துதல் நுதலிற்று.

கப்பல் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகை ஒரு நபருக்கானது. அதன் அடியில் சிறிய எழுத்தில் இருப்பது, அந்த ஒரு நபர் இன்னொரு நபரோடு வர வேண்டும் என்ற நிபந்தனை. தனியாக வந்தால் காலிக் கட்டிலுக்கும் சேர்த்துக் கூடுதல் கட்டணம். பல சமயம் அது இன்னொரு முழு டிக்கெட்டுக்குச் சமம். இது பற்றி எம்.ஜி. ரோட்டில் ஒரு பயண முகவரிடம் நடத்திய கள ஆய்வின் பதிவு வருமாறு:

“சாரே, ஆள் ஒண்ணுதான். பட்சே ரேட் ரெண்டாளுக்கு.”

“நான் ஒருத்தன் சாப்பாடுதானே சாப்பிடப் போறேன்?”

“சாப்பாடு எத்தனை வேணும்னாலும் குறைக்கலாம் சாரே. கட்டிலைக் குறைக்க முடியாது.”

முகவர் சொன்னதில் பொருளாதாரம் இருக்கிறது. கப்பலில் அறைகளின் எண்ணிக்கை கட்டும்போதே முடிந்துபோன விஷயம். கம்பெனியின் வருமானமோ டிக்கெட்டோடு முடிவதில்லை. குடிக்கிற பானம், கரையில் கூட்டிப்போகும் சுற்றுலா, கப்பலுக்குள் இருக்கும் கடை, எல்லாவற்றிலும் வருகிறது. காலிக் கட்டில் எதையும் வாங்காது. அது வாங்காததை எல்லாம் பக்கத்துக் கட்டில்காரர் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆலப்புழையில் கெட்டுவள்ளம் எடுத்தாலும் இதே கதை. படகு முழுவதற்கும் வாடகை; ஏறுவது ஒருவரா இருவரா என்று படகு கேட்பதில்லை.

இந்த அநியாயத்தைக் கண்டு மனமிரங்கிய கம்பெனியும் உண்டு. 2010-இல் கடலில் இறங்கிய நார்வீஜியன் எபிக் என்ற கப்பலில் தனியர்க்கென்றே 128 சிற்றறைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 சதுர அடி. ஜன்னல் உண்டு, அது நடைவழியைப் பார்க்கும். இங்கே ஓர் ஒப்பீடு ஆய்வு நோக்கில் தவிர்க்க முடியாததாகிறது. விழிஞ்ஞத்தில் இறங்கும் இருபதடிப் பெட்டியின் வெளியளவு 20 அடிக்கு 8 அடி, அதாவது 160 சதுர அடி. தனிமனிதனுக்குக் கிடைப்பதைவிட அறுபது சதுர அடி கூடுதல். மேலும், “கூட இன்னொரு பெட்டி வருகிறதா?” என்று எந்தப் பெட்டியையும் யாரும் கேட்பதில்லை.

நூற்பா 2

பிழைக்கச் செல்வோர்க்குத் தலைக்கு விலையே;
களிக்கச் செல்வோர்க்கு அறைக்கு விலையே.

இது மேற்கூறிய கணக்குக்குப் புறனடை உணர்த்துதல் நுதலிற்று.

கடலில் எக்காலத்தும் தனியாளைத் தண்டித்தார்கள் என்று கொள்ளற்க. 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இன்றும் உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல். மேல்தளப் பயணிகளாக மட்டும் ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் உரிமம் அதற்கு இருந்தது. அவர்களுக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடமே இருப்பிடம். ஆனால் ஒருவருக்கு ஒரு டிக்கெட். பாயில் மறுபாதி காலியாக இருக்கிறது என்று யாரும் வசூலுக்கு வரவில்லை.

இன்றும் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பல்களில் அப்படியே. எழுநூறு பேர் ஏறும் எம்வி கவரத்தியில் முதல் வகுப்பு என்றால் இரு கட்டில் அறை, இரண்டாம் வகுப்பு என்றால் நான்கு கட்டில் அறை, அதற்கும் கீழே பங்க் வகுப்பு. எதிலும் விற்பது கட்டில்தான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ மூன்று நாள் போகும் அரசுக் கப்பலிலும் இதுதான் முறை.

காரணம் வெளிப்படை. தோட்ட வேலைக்கும் அரசு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர் தனியாகத்தான் போவார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போவதால்தான் அவர் போகவே முடிகிறது. உல்லாசத்துக்குப் போகிறவரோ துணையோடு வருவார் என்பது கம்பெனியின் கணிப்பு. ஆகவே தனியாள் மலிவாகப் போக விரும்பினால், பிழைப்புக்குப் போகிறவர்கள் ஏறும் வண்டியில் ஏற வேண்டும். அவ்வகை வண்டிகளில் திருவனந்தபுரத்துக்கு வாய்த்த தலைசிறந்தது கேரளா எக்ஸ்பிரஸ். நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரண்டு இரவு கழித்துப் புது தில்லி சேரும். உல்லாசக் கப்பல்காரர்கள் விற்கும் “இரண்டு இரவு, மூன்று பகல்” தொகுப்புக்கு இம்மியும் குறையாது. நர்சுகள், மாணவர்கள், ராணுவத்தார், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் எனப் பாதிக்குமேல் தனியர். கடலுக்குப் பதில் தக்காணம் என்பது ஒன்றே வேறுபாடு.

நூற்பா 3

இருவர் இறுப்பினும் ஒருகட்டில் பெறுவது
ஆர்ஏசி என்ப அறிந்திசி னோரே.

இது முதல் நூற்பாவை மறுதலையாக்கிக் காட்டுதல் நுதலிற்று.

ரயிலில் முழுப் படுக்கை உறுதியாகாதவர் பெறும் ஆர்ஏசி டிக்கெட்டில், நடைவழியோரக் கீழ்ப்படுக்கையை இரண்டாக மடக்கி, முன்பின் அறியாத இருவரை எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். இருவரிடமும் முழுப் படுக்கைக் கட்டணம். பயணிகள் பட்டியலான சார்ட் முடிந்து யாரேனும் வராமல் போனால் ஒருவருக்கு விடுதலை. இல்லையெனில் நான்கு கால்களும் ஒரே திண்டில் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது இரண்டு நூற்பாக்களையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுக. கப்பலில் ஓர் ஆள், இரண்டு கட்டணம், இரண்டு கட்டில். ஆர்ஏசியில் இரண்டு ஆள், இரண்டு கட்டணம், ஒரு கட்டில். மொத்தம் மூன்று ஆள், நான்கு கட்டணம், மூன்று கட்டில். ஆளுக்கொரு கட்டில் சரியாக வந்துவிடுகிறது. ஒரு கட்டணம் மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதைத் தேடுவது கணக்குத் தணிக்கையாளர் துறை என்பதால் இங்கே விடப்படுகிறது.

நூற்பா 4

நடுவும் தாழ்வும் நலமே, ஓரமும்
உயர்வும் குடலை உலைக்கும் என்ப.

இது ஆட்டத்தின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. இந்நூலில் கேலிக்கு இடமில்லாத பகுதி இது ஒன்றே, கவனமாகப் படிக்க.

கப்பல் அலையில் இரண்டு விதமாக ஆடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவது ஒன்று. இடமும் வலமும் சாய்வது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அசையாத ஓர் இடம் இருக்கிறது. அதிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவு வீச்சு. ஆகவே குமட்டலுக்கு அஞ்சுபவர் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும், உயரத்தில் கீழ்த்தளத்திலும் அறை எடுக்க வேண்டும். மூக்கு முனையில் நங்கூரச் சங்கிலியின் ஓசை, வால் முனையில் எந்திர அதிர்வு, மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியுமுன் நாற்காலி இழுக்கும் சத்தம். விந்தை என்னவென்றால், கம்பெனிக்காரர்கள் விலை வைப்பது ஜன்னலுக்கும் பால்கனிக்கும் உயரத்துக்கும். அசையாத இடத்தில், ஜன்னலே இல்லாத உள்ளறைதான் பட்டியலிலேயே மலிவு. காசும் மிச்சம், வயிறும் மிச்சம்.

ரயிலுக்கும் இதே இயற்பியல். பெட்டியைத் தாங்கும் சக்கரத் தொகுதிகள் இரு கோடியிலும் உள்ளன. அவற்றுக்கு மேலே படுப்பவர் ஒவ்வொரு பாயின்ட்டையும் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டு போவார். கழிப்பறைக் கதவும் அங்கேதான். பழைய ஐசிஎஃப் ஸ்லீப்பரில் 72 படுக்கை. இப்போதைய எல்எச்பியில் 80. எட்டெட்டாகப் பிரித்தால் முதலாவதில் ஒன்பது தடுப்பு, இரண்டாவதில் பத்து. 33 முதல் 40 வரை உள்ள ஐந்தாம் தடுப்பு ஒன்றில் நட்டநடு. மற்றதில் நடுவை ஒட்டியது. எந்தப் பெட்டி வந்தாலும் பழுதில்லாத எண்கள் இவை. மனப்பாடம் செய்க.

தடுப்புக்குள் எது கீழ், எது மேல் என்பதை எட்டால் வகுத்து மீதியைப் பார்த்து அறியலாம். மீதி ஒன்றும் நான்கும் கீழ். இரண்டும் ஐந்தும் நடு. மூன்றும் ஆறும் மேல். ஏழு சைடு லோயர். மீதி இல்லாதது சைடு அப்பர். சைடு படுக்கை மற்றவற்றைவிடக் குட்டை. உயரமானவர் அதில் தம்மைத் தாமே மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இயற்பியலின்படி பார்த்தால் 33 அல்லது 36-தான் முடிவு: நடுத் தடுப்பு, கீழ்ப்படுக்கை. ஆட்டம் குறைவு, ஜன்னல் உண்டு, ஏற வேண்டாம். ஆனால் இயற்பியல் அறியாத ஒன்று இருக்கிறது. அது அடுத்த நூற்பா.

நூற்பா 5

கீழ்ப்படுக்கை பெற்றவர்க்குக் கேளிர் பலரே;
தனியர்க்கு உரியது தலைமேல் படுக்கை.

இது இந்நூலின் முடிபு உணர்த்துதல் நுதலிற்று.

கீழ்ப்படுக்கைக்காரர் காசு கொடுத்து வாங்குவது இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலான படுக்கை. முன்பு ஒன்பது மணியிலிருந்து படுக்கலாம். 2017-இல் அதைப் பத்தாக்கினார்கள். மீதி நேரமெல்லாம் அது மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. பகலில் கண் அயர்ந்தால் நடுப்படுக்கைக்காரர் முழங்காலைப் பார்ப்பார். கோட்டயத்தில் ஏறியவர் எர்ணாகுளத்தில் இறங்கும்வரை “சும்மா இத்திரி நேரம்” உட்காருவார். சோற்றுப் பொட்டலம் பிரிப்பதும் அங்கே, குழந்தைக்குத் துணி மாற்றுவதும் அங்கே, சீட்டாட்டமும் அங்கே.

இவற்றைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்கமுடியாதது இடமாற்று விண்ணப்பம். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கா ஒருவர் தடுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பார். ஆறு முகங்களில் தனியாக வந்த முகம் எது என்று கண்டுபிடிக்க அவருக்குச் சார்ட் தேவையில்லை.

“தம்பி, ஒத்தைக்குத்தானே வாறீங்க? அப்பாவுக்கு முட்டு வலி, மேல ஏற முடியாது. எங்களுக்கு எஸ்-ஏழுல ஒண்ணு கெடக்கு…”

எஸ்-ஏழில் கிடக்கும் அந்த ஒன்று எப்போதும் கடைசித் தடுப்பில், கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முட்டு வலியோ உண்மையானது. தம்பி மறுத்தால் மனிதனில்லை, ஒப்புக்கொண்டால் தூக்கமில்லை. குடும்பத்தோடு வந்தவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவரைப் பிரித்தால் பாவம். தனியாளைப் பிரிக்க அவனிடம் பிரிவதற்கு எதுவும் இல்லை.

இவ்வாய்வின் நடுக்கருத்து இதுவே. தனியாகப் போவதற்குக் கூடுதல் கட்டணம் எங்கும் உண்டு. கப்பல் அதைப் பணமாக வாங்குகிறது. ரயில் அதை இடமாக வாங்குகிறது. கப்பலில் வாங்குபவர் ஒரு கம்பெனி; பேரம் பேசலாம், எரிச்சல்படலாம், வேறு கப்பல் பார்க்கலாம். ரயிலில் வாங்குபவர் முட்டு வலிக்கிற ஒரு பெரியவர். அவரிடம் எரிச்சல்படவும் வழியில்லை.

ஆகவே தனியர் செய்யத் தக்கது, யாரும் கேட்காத இடத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வது. மேல்படுக்கையை மாற்றிக் கேட்டவர் மிக அரிது. அங்கே யாரும் உட்கார வரமாட்டார்கள். பத்து மணிச் சட்டம் அதைத் தீண்டாது. சோறு தின்ற கையோடு பட்டப்பகலில் படுத்தாலும் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் இல்லை, ஆனால் கப்பலின் மலிவான உள்ளறையிலும் அது இல்லை. ஆட்டம் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. தூளியில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. ஐந்தாம் தடுப்பின் மேல்படுக்கைகள் 35, 38. இந்நூல் பரிந்துரைக்கும் எண்கள் இவையே.

தடையும் விடையும்

தடை: மேல்படுக்கைக்கு ஏற முழங்கால் வேண்டுமே, அது போன பிறகு தனியர் என் செய்வர்?

விடை: அதற்கு ரயில்வே ஏற்கெனவே வழி செய்திருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டி ஒவ்வொன்றிலும் ஆறேழு கீழ்ப்படுக்கைகளை 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிகளில் கொஞ்சம் குறைவு. இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: டிக்கெட்டில் ஒருவரோ, மிஞ்சினால் இருவரோதான் இருக்கலாம். கூட்டமாகப் பதிவு செய்தால் இது கிடைக்காது. தனியாக வருவதையே தகுதியாக வைத்துச் சலுகை தரும் விதி இவ்வாய்வாளர் அறிந்தவரை இது ஒன்றுதான். 2020 மார்ச்சில் மூத்தோர் கட்டணச் சலுகையை நிறுத்திய கைகள் இதை மட்டும் விட்டுவைத்தன. முட்டு வலிக்கும் அந்தப் பெரியவரின் பிள்ளைகள் அவருக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் கீழ்ப்படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். பாசத்தால் ஒரே டிக்கெட்டில் ஆறு பேரைச் சேர்த்தார்கள். அதன் பலனைத் தம்பி அனுபவிக்கிறான்.

தடை: காசு இருப்பவர் முதல் வகுப்புக் குளிர்சாதனத்தில் இரண்டு படுக்கைக் கூப்பே எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே?

விடை: கூப்பேயைக் கேட்கலாம், எடுக்க முடியாது. கூப்பேயா நான்கு பேர் அறையா என்பது சார்ட் போடும்போதுதான் தீர்மானமாகும். அது பெரும்பாலும் தம்பதியர் பக்கமே சாயும். முதல் நூற்பாவின் ஆவி இங்கே உலவுகிறது.

தடை: படுக்கையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே பொய்யல்லவா? விருப்பத்தைக் குறித்தாலும் கணினி தருவதுதானே கிடைக்கிறது?

விடை: உண்மை. ஆயினும் கீழ்ப்படுக்கை கேட்டவர்கள் கிடைக்காமல் வாடும் அதே வேளையில், மேல்படுக்கை கேட்டவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. பிறர் விரும்பாததை விரும்பக் கற்பது தத்துவத்தில் கடினம்; முன்பதிவில் எளிது. அறுபது நாளுக்கு முன் பதிவு திறக்கும் காலையில் செய்தால் இன்னும் எளிது.

எஞ்சிய ஐயம்

நெறிமுறைப்படி இந்த ஆய்வின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 35, 38 என்று எண்களை வெளியிட்டதால், இதைப் படித்த தனியர் அனைவரும் அவற்றுக்கே பாய்வர். அதன்பின் அவை யாரும் கேட்காத இடங்களாக இரா. அந்நிலையில் இதே முறையில் 27, 30, 43, 46 என விரித்துக்கொள்க.

சார்ஜர் பாயின்ட் பற்றியும் இந்நூல் தீர்ப்புச் சொல்லவில்லை. மேல்படுக்கைக்காரரின் செல்போன் கீழே, ஜன்னலோரம், அந்நியர் ஒருவரின் பார்வையில் தொங்கிக்கொண்டிருக்கும் வரையில் அவருடைய சுதந்திரம் முழுமை பெற்றது என்று எந்த அறிஞரும் சொல்ல முடியாது. பவர் பேங்க் எடுத்துச் செல்க என்பதே இப்போதைக்குப் புறனடை.